கான்சர் வருத்தக்காரர்ட கையில எந்த போன்: பட்டன் போனா, டச் போனா, மகன்ட போனா?

வீட்டுல ஒருத்தருக்கு கான்சர் எண்டு உறுதியாகினா நம்மட மட்டக்களப்பு அம்பாறைப் பக்கம் கெதியா நடக்கிற ஒண்டு என்னெண்டா, வெளிநாட்டுல இருக்கிற ஆரோ ஒருத்தர் காசு அனுப்பி "அம்மாக்கு நல்ல டச் போன் ஒண்டு வாங்கிக் குடுங்க, நான் முகத்தப் பாத்துக் கதைக்கணும்" எண்டு சொல்லுவாங்க. அதோட வீட்டுக்குள்ள ஒரு கதை தொடங்கும். மூத்த மகள் சொல்லுவா அம்மாக்கு பட்டன் போன்தான் பழக்கம், இருக்கிற வருத்தத்துக்குள்ள அதையும் மாத்தி அவவக் குழப்பாதீங்க எண்டு. மகன் சொல்லுவாரு எல்லாம் என்ட போன்ல இருக்கட்டும், நான் பாத்துக்கிறன் எண்டு. கம்பஸ் போற பேரப்புள்ள ஒண்டு இதுக்கெல்லாம் அப் இருக்கு, இறக்கினா சரி எண்டும்.

எல்லாரும் நல்ல மனசோடதான் சொல்றாங்க, ஆனா இந்த நாலு வழியும் ஒரே வேலைய செய்றதில்ல. எங்கட சின்னம்மாக்கு மார்புக் கான்சருக்கு கீமோ ஏத்தின காலத்துல இருந்து நான் இத கவனிச்சிக்கொண்டு வாறன், கிளினிக் வாங்குல பக்கத்துல இருந்த ஆக்கள்ட்டயும் நிறையக் கதைச்சிருக்கன், அதுல விளங்கினத வச்சி எந்த வீட்டுக்கு எது சரி எண்டு எழுதுறன்.

முதல்ல போன் என்ன வேலைக்கு எண்டு யோசிக்கணும். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில கான்சர் பிரிவு இருக்கிறதால எல்லாத்துக்கும் கொழும்புப் பக்கம் மஹரகம கான்சர் ஆஸ்பத்திரிக்கு ஓடுற நிலைமை இப்ப இல்ல, எண்டாலும் பொத்துவில்ல இருந்து வாறவங்களுக்கு மட்டக்களப்பே நூறு கிலோமீட்டருக்கு மேல, வெல்லாவெளி மண்டூர்ப் பக்கத்து ஆக்களுக்கு ஒண்டில் சுத்தி வரணும் இல்லாட்டி குருமண்வெளிப் பாதை (வாவியக் கடக்கிற மிதவை) ஏறணும். கனபேருக்கு கீமோ மூணு கிழமைக்கு ஒருக்காத்தான். ஒரு நாள் வார்ட்ல, மிச்சம் இருவது நாளும் வீட்டுல. வார்ட்ல இருக்கக்குள்ள மிஸ் (நர்ஸ்) இருப்பா டொக்டர் வருவாரு, சத்தி எடுத்தா ஊசி போடுவாங்க, பிரச்சினை வாறது அந்த இருவது நாளுக்குள்ளதான். ராவைல காய்ச்சல் வரும், வாய் அவிஞ்சி தண்ணி கூட இறங்காது, வயித்தோட்டம் நிக்காது, இது சாதாரணமா இல்லாட்டி ஓடணுமா எண்டு வீட்டுல ஒருத்தருக்கும் தெரியாது. அந்த நேரத்துல சரியான ஆளுக்கு சரியான விசயத்த கெதியா சொல்ல வைக்கிறதுதான் போன்ட வேலை. முகம் பாத்துக் கதைக்கிறது, ரிப்போட் அனுப்புறது, திகதி ஞாபகம் வைக்கிறது எல்லாம் அதுக்குப் பிறகு.

இதால போன் வாங்க முதல் பாமசிக்குப் போய் ஒரு டிஜிட்டல் தர்மாமீட்டர் வாங்குங்க எண்டுதான் நான் எல்லாருக்கும் சொல்றன். கீமோ ஏத்தி ஒரு கிழமைக்கும் ரெண்டு கிழமைக்கும் இடைப்பட்ட நாள்ல பொதுவா ரத்தத்துல வெள்ளை அணு ஆகக் குறைஞ்சி இருக்கும், ஆஸ்பத்திரில கவுண்ட் இறங்கிட்டு எண்டு சொல்றது அதத்தான். அந்த நேரம் காய்ச்சல் எண்டா அது தடிமல் காய்ச்சல் மாதிரி இல்ல, கிருமி ரத்தத்துல ஏறினா சில மணித்தியாலத்துக்குள்ள ஆளுக்கு உயிராபத்து ஆகலாம். 38 பாகை செல்சியஸ், ஃபரனைட்ல காட்டுற மீட்டர் எண்டா 100.4, அதுக்கு வந்தா ராவோ பகலோ ஆஸ்பத்திரிக்கு வெளிக்கிடணும். நம்மட ஆக்கள் நெத்தியத் தொட்டுப் பாத்திட்டு ரெண்டு பெனடோல் குடுத்து படுக்க வச்சிருவாங்க, பெனடோல் சூட்ட இறக்கிக் காட்டும், உள்ள இருக்கிற கிருமிய ஒண்டும் செய்யாது. அளந்து பாத்து சொல்லிப்போட்டு, அவங்க குடுக்கச் சொன்னாத்தான் குடுக்கணும். பெரிய விலை போனைவிட இந்தச் சின்னச் சாமான் காப்பாத்தின உயிர் கூட எண்டு நான் நம்புறன்.

இப்ப போனுக்கு வருவம்.

பட்டன் போனைக் குறைச்சி நினைக்காதீங்க. ஒருக்கா சார்ஜ் போட்டா நாலஞ்சி நாளைக்கு நிக்கும், விழுந்தாலும் ஒண்டும் ஆகாது, 2022ல ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் கட் பண்ணின நேரம் டச் போன் எல்லாம் செத்துக் கிடக்கக்குள்ள பட்டன் போன்தான் வேலை செஞ்சிச்சி. வாவிக்கு மேற்குப் பக்கம் படுவான்கரைல உள்ளுக்குப் போனா டேட்டா சுத்திக்கொண்டே நிக்கிற இடங்கள் இருக்கு, ஆனா வாசல்ல வந்து நிண்டா கோல் போகும். 1990 சுவசெரிய அம்புலன்ஸுக்கு எடுக்க அப்பும் தேவையில்ல டேட்டாவும் தேவையில்ல, காசும் இல்ல. பட்டன் போன்ல ஸ்பீட் டயல் எண்டு ஒண்டு இருக்கு, 2ஐ அமத்திப் பிடிச்சா மகளுக்குப் போகும் 3ஐ அமத்திப் பிடிச்சா பக்கத்து வீட்டு தம்பிக்குப் போகும் எண்டு செஞ்சி வச்சா கண் தெரியாத பெத்தா கூட தடவிப் பாத்து எடுப்பா. வருத்தம் கூடின ராவைல லொக் திறந்து வட்ஸ்அப் தேடி பேரத் தேடி அமத்துறதெல்லாம் ஏலா.

குறை இல்லாமலும் இல்ல. படம் எடுக்கேலா, எடுத்தாலும் எழுத்து தெரியாது. புண்ணக் காட்டேலா. பழைய போன் எண்டா தமிழ்ல எஸ்எம்எஸ் வந்தா பெட்டி பெட்டியாத்தான் தெரியும், ஆஸ்பத்திரில இருந்தோ கம்பனில இருந்தோ ஏதும் தமிழ்ல அனுப்பினாலும் பிரயோசனம் இல்ல. இதெல்லாம் தனிய இருக்கிற ஆளுக்குப் பெரிய குறை. வீட்டுல இன்னொரு டச் போன் இருந்தா அவ்வளவு குறை இல்ல.

டச் போனை வருத்தக்காரர்ட கையிலயே குடுக்கிறது பத்தி நிறையச் சொல்ல இருக்கு, ஏனெண்டா இங்க எந்தக் கான்சர் எண்டதப் பொறுத்து முடிவே தலைகீழா மாறும்.

இலங்கைல ஆம்பிளைகளுக்கு வாற கான்சர்ல முதலாவது வாய்க் கான்சர், நம்மட பக்கம் வெத்திலை பாக்கு புகையிலை போடுற பழக்கம் எப்பிடி எண்டு சொல்லத் தேவையில்ல, பாக்குத் தனியப் போட்டாலும் கான்சர் வரும் எண்டு உலக சுகாதார அமைப்புட கான்சர் ஆராய்ச்சி நிறுவனம் 2004லயே சொல்லிட்டுது. நாக்குல, தாடைல ஒப்பரேசன் செஞ்ச ஆளுக்கு கதை விளங்காது, சிலருக்கு கதையே வராது. அவருக்கு பட்டன் போன் குடுத்தா என்னத்தச் செய்யிற? எங்கட பக்கத்து வளவு மாமா ஒருத்தர், கடலுக்குப் போன மனுசன், நல்ல சத்தமா கதைக்கிறவரு, ஒப்பரேசனுக்குப் பிறகு ஆக்கள் வந்தா உள்ளுக்குப் போயிருவாரு. மகள் அவருக்கு வட்ஸ்அப்ல தமிழ் கீபோட் போட்டுக் குடுத்தா. ஒத்தை விரலால தட்டித் தட்டி "நோகுது", "பால் வேணாம்", "கஞ்சி" எண்டு எழுதத் தொடங்கி கொஞ்ச நாள்ல மீன் விலை கேட்டு கூட்டாளிமாருக்கு அனுப்புற அளவுக்கு வந்துட்டாரு. கிளினிக்ல டொக்டர் கேக்குற கேள்விக்கும் போன்லயே எழுதி காட்டுவாரு. வாய், தொண்டை, குரல்வளைக் கான்சர் உள்ள ஆள் எண்டா யோசிக்கவே வேணாம், டச் போன் கட்டாயம், அது அவர்ட கையிலதான் இருக்கணும். எழுதத் தெரியாட்டியும் பரவால்ல, சோறு, தண்ணி, மருந்து, நோவு, பாத்ரூம் எண்டு படம் எடுத்து ஒரு அல்பத்துல போட்டு வச்சா தொட்டுக் காட்டுவாரு.

மற்றப் பக்கம், சில கீமோ மருந்து விரல் நுனிய விறைக்க வைக்கும், பெக்லிடாக்சல், ஒக்சாலிப்ளட்டின் மாதிரி மருந்துகளுக்கு இது வழமையா வாறது. ஸ்கிரீனத் தொட்டமா இல்லையா எண்டே விளங்காது, சரியான எரிச்சல் வரும். கெபசிட்டபின் குளிசை குடிக்கிற ஆக்களுக்கு உள்ளங்கை சிவந்து உரிஞ்சி விரல் ரேகையே அழிஞ்சி போகலாம், அதால கைரேகை வச்சி திறக்கிற போன் திறக்காமப் போன ஆக்கள் இருக்காங்க, ராவைல கோல் எடுக்க வெளிக்கிட்டா போன் கேக்குறது இல்லாத ரேகைய. இந்த மருந்து எழுதினாங்க எண்டா அண்டைக்கே நாலு இலக்க நம்பர் லொக்குக்கு மாத்தி அந்த நம்பர வீட்டுல இன்னொராளுக்கும் சொல்லி வைங்க.

டச் போன்ட பெரிய நல்லது குரல் மெசேஜ். எழுத வாசிக்கத் தெரியாத அம்மாமாருக்கும் அமத்திப் பிடிச்சிக் கதைச்சி விடுறது ரெண்டு நாள்ல வந்துரும். கட்டாருல இருக்கிற மகனோட இமோல கதைச்சிப் பழகின அம்மா எண்டா அவக்கு இது புதுசும் இல்ல. சின்னம்மா ஒவ்வொரு நாளும் விடிய தங்கச்சிக்கு ஒரு குரல் மெசேஜ் அனுப்புவா, என்ன சாப்பிட்ட, ராவு நித்திரை வந்ததா, எங்க நோகுது எண்டு. அத நாங்க ஆறுதலுக்கு எண்டுதான் நினைச்சம், மறுகா கிளினிக்ல டொக்டர் போன கிழமை எப்பிடி இருந்தீங்க எண்டு கேக்கக்குள்ள அந்த மெசேஜெல்லாம்தான் பதிலாப் போச்சி. மனுசருக்கு மூணு கிழமைக்கு முந்தி வந்த நோவு ஞாபகம் நிக்காது, வெள்ளைக் கோட்டப் பாத்தோன "ஓம் டொக்டர் பரவால்ல" எண்டுதான் வாயில வரும்.

கனபேர் தெரிவு செய்யிறது மூணாவது வழி, மகன்ட இல்லாட்டி மருமகள்ட போன். உள்ளதச் சொன்னா இதுக்கு காரணம் இருக்கு, ஒரு வீட்டுக்கு ஒரு டச் போன் வாங்குறதே பெரிய விசயம், ரிப்போட் எல்லாம் இங்கிலிஷ்ல, சில இடத்துல டொக்டருக்கு தமிழ் விளங்காது, படிச்ச புள்ள கதைச்சாத்தான் சரிவரும். வேலை திறமா நடக்கும். ஆனா ரெண்டு விசயத்துல இது சறுக்கும்.

ஒண்டு, ஆள் மாறும். கிளினிக் கொப்பில எழுதிக் குடுத்த நம்பர் மகன்ட, மகன் மூணு மாசத்துல வெளிநாடு போயிட்டாரு, நம்பர் ஓஃப். ஒரு ஆஸ்பத்திரில இருந்து ஒரு அம்மாட பயப்ஸி (சதைத் துண்டு எடுத்துச் சோதிக்கிறது) ரிப்போட் வந்துட்டு எண்டு எடுத்துப் பாத்து எடுத்துப் பாத்து விட்டுட்டாங்க, அவங்க அடுத்த கிளினிக் திகதிக்குப் போகக்குள்ளதான் தெரியவந்தது. அந்த அம்மாட சொந்த பட்டன் போன் முழு நேரமும் அவட இடுப்புலதான் இருந்தது. எந்த போன் எடுத்தாலும் கொப்பில ரெண்டு நம்பர் இருக்கணும், ஒண்டு வருத்தக்காரர்ட.

மற்றது இன்னும் பாரதூரமான விசயம். போன் ஆர்ட கையிலயோ வருத்தத்தப் பத்தின கதையும் அவங்கட கையில. நம்மட ஊர்ல வருத்தக்காரருக்கு கான்சர் எண்டே சொல்லாம வைக்கிற வீடு எவ்வளவு. முந்தி அத மறைக்கிற கஷ்டம், கொப்பி அவர்ட பேக்குலதான் இருக்கும், வாட்டுல பக்கத்துக் கட்டில்ல ஆரும் சொல்லிருவாங்க. இப்ப ரிப்போட் மகன்ட போனுக்கு, டொக்டர்ட கதை மகன்ட போனுக்கு, ஸ்கேன் படம் குடும்ப வட்ஸ்அப் குரூப்புக்கு, கனடால இருக்கிற மச்சாளுக்கும் லண்டன்ல இருக்கிற பெரியப்பாக்கும் எத்தினாம் ஸ்டேஜ் எண்டு தெரியும், கட்டில்ல படுத்திருக்கிற அம்மாக்குத் தெரியாது. இத நான் பல வீட்டுல பாத்திருக்கன், பாசத்துலதான் செய்றாங்க, ஆனா அந்த அம்மா தன்ட உடம்புல என்ன நடக்குது எண்டு தெரியாம காய்ச்சல் வந்தாலும் இது சும்மா எண்டு சொல்லாம கிடப்பா, அதுல ஆபத்து அவக்குத்தான். மார்புக் காயத்துட படத்த அவட்ட கேக்காம குரூப்ல போடுறதும் இதுல சேரும். டொக்டருக்குக் காட்ட எடுத்தா டொக்டருக்கு மட்டும் காட்டணும். ஆம்பிளைப் புள்ளைகள் இருக்கிற குரூப்ல தன்ட நெஞ்சுப் படம் சுத்துது எண்டு தெரிஞ்சா எந்தத் தாயும் அடுத்த முறை புண்ணையே காட்ட மாட்டா.

மகன்ட போன் எண்டு முடிவெடுத்தா, அம்மாவ முன்னுக்கு இருத்தி ஸ்பீக்கர்ல போட்டுக் கதைங்க. "அம்மா, இந்தப் படத்த அக்காக்கு அனுப்பவா?" எண்டு கேட்டுப்போட்டு அனுப்புங்க.

நாலாவது அப். இதுல ரெண்டு வகை, ரெண்டையும் போட்டுக் குழப்பக் கூடாது. டொக்டரச் சந்திக்க நம்பர் எடுக்கிற, வீடியோல டொக்டரோட கதைக்கிற அப் ஒண்டு, வருத்தக் குறிய நாமளே பதிஞ்சி வைக்கிற அப் மற்றது.

முதல் வகைல ஈசேனலிங், டொக்990 மாதிரி நம்மட நாட்டுலயே இருக்கு, அப் இல்லாம போன்ல எடுத்தும் நம்பர் போடலாம். நாள் பூரா வரிசைல நிக்கிற வேலை மிச்சம். வீடியோல கதைக்கிறது எதுக்கு நல்லம் எண்டா, இன்னொரு டொக்டர்ட அபிப்பிராயம் கேக்க, எடுத்த ரிப்போட்ட விளங்கப்படுத்திக் கேக்க, கொழும்புக்கு வரத்தான் வேணுமா இல்லாட்டி இஞ்சயே அந்த டெஸ்ட் எடுக்கலாமா எண்டு கேக்க. கொழும்புக்கு ராவு பஸ்ல முன்னூறு கிலோமீட்டருக்கு மேல, கூட ஒராள், தங்க இடம், சாப்பாடு, கவுண்ட் குறைஞ்ச உடம்போட சனத்துக்குள்ள இருமலுக்கும் தும்மலுக்கும் நடுவுல இருந்து போறது, இதோட ஒப்பிட்டா வீடியோக்குக் கட்டுற காசு பெரிசில்ல. பதியக்குள்ளயே தமிழ்ல கதைக்கிற டொக்டரா எண்டு கேளுங்க, இல்லாட்டி மொழி தெரிஞ்ச ஒராளப் பக்கத்துல வைங்க. கதைக்க முதல் கேள்விய கடதாசில எழுதி வைங்க, பத்து நிமிசம் போறது தெரியாது.

எதுக்குக் கூடாது எண்டதும் தெளிவா இருக்கணும். காய்ச்சலுக்கு, ரத்தம் போறதுக்கு, மூச்சு முட்டுறதுக்கு வீடியோ டொக்டரத் தேடிக்கொண்டு இருக்காதீங்க, 1990 அடிச்சி கிட்ட இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்கு, களுவாஞ்சிக்குடியோ கல்முனையோ வாழைச்சேனையோ, போயிட்டு கீமோ ஏத்துற ஆள் எண்டு வாசல்லயே சொல்லுங்க. புதுசா ஒரு கட்டி தெரியுது எண்டாலும் வீடியோ சரிவராது, கையால தொட்டுப் பாக்காம ஒரு டொக்டரும் ஒண்டும் சொல்லேலா. இன்னொண்டு, அரச கிளினிக்ல இலவசமா நடக்கிற வைத்தியத்த விட்டுட்டு வீடியோ டொக்டர்ட மட்டும் தொங்குறதும் வேணாம், மருந்தும் கீமோவும் கரண்ட் பிடிக்கிறதும் (கதிர்ச் சிகிச்சை) அங்கதான்.

வருத்தக் குறி பதியிற அப்தான் கம்பஸ் புள்ளைகள் ஆசையாக் காட்டுறது. இதுக்கு உண்மையான ஆதாரம் இருக்கு. நியூயோர்க்ல மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் கான்சர் நிலையத்துல ஈதன் பாஷ் எண்ட டொக்டர்ட குழு, கான்சர் பரவின 766 பேர வச்சி ஒரு ஆய்வு செஞ்சாங்க. ஒரு பகுதி ஆக்கள் சத்தி, களைப்பு, நோவு, மூச்சு முட்டு எண்டு தங்கட குறிகள கம்பியூட்டர்ல பதிஞ்சாங்க, மற்ற ஆக்கள வழமை மாதிரி பாத்தாங்க. 2017ல வந்த முடிவுல, பதிஞ்ச ஆக்கள் இடைநிலைக் கணக்குல 31.2 மாசம் உயிரோட இருந்தாங்க, மற்றவங்க 26 மாசம். அஞ்சு மாசம் எண்டது சில கான்சர் மருந்தால கிடைக்கிறத விடக் கூட. எனக்கு இதுல இன்னும் பிடிச்ச விசயம், 2016ல இதே ஆய்வுல வந்த முதல் அறிக்கைல கம்பியூட்டரே தொட்டுப் பழகாத ஆக்களுக்குத்தான் நன்மை கூடக் கிடைச்சது எண்டு இருந்தது. வயசான ஆக்களுக்கு இதெல்லாம் ஏலா எண்டு சொல்ற புள்ளைகள் இத வாசிக்கணும்.

ஆனா அங்க எது வேலை செஞ்சிச்சி எண்டு கவனிங்க. ஒருத்தர் நோவு கூடிட்டு எண்டு பதிஞ்சா உடனே நர்ஸுக்கு ஈமெயில் போகும், நர்ஸ் ஏதாவது செய்வா, மருந்த மாத்துவாங்க, வரச் சொல்லுவாங்க. நாம பிளே ஸ்டோர்ல இருந்து இறக்கிற அப்ல அந்தப் பக்கம் ஆரும் இல்ல. கனக்க அப் இங்கிலிஷ்ல, சின்னம்மா ஒவ்வொரு நாளும் சிவப்பு முகத்த அமத்தி அமத்தி வச்சாலும் அதப் பாக்க ஒரு மிஸ்ஸும் இல்ல. பாக்க ஆள் இல்லாத பதிவு எண்டா அத கலண்டர்ல எழுதினாலும் ஒண்டுதான், கலண்டர்ல எழுதினா வீட்டுல எல்லாரும் பாப்பாங்க, கிளினிக்குக்கும் கிழிச்சிக் கொண்டு போகலாம். அதால இந்த வகை அப்புக்கு நான் இப்போதைக்கு கடைசி இடம்தான் குடுப்பன். டமொக்சிபென் மாதிரி அஞ்சு வருசம் பத்து வருசம் ஒவ்வொரு நாளும் குடிக்கிற குளிசைக்கு போன்ட அலாரமே போதும், எந்த போன்லயும் இருக்கு.

ஆஸ்பத்திரிப் பக்கம் இதச் செய்ய ஏலாத காரியமும் இல்ல. அமெரிக்காவுல 52 இடத்துல நடந்து 2022ல முதல் முடிவு வந்த அடுத்த ஆய்வுல, கிழமைக்கு ஒருக்கா இன்டர்நெட்ல பதியிறதா இல்லாட்டி தானா வாற போன் கோலுக்கு பட்டன அமத்திப் பதில் சொல்றதா எண்டு நோயாளிட்டயே கேட்டுத்தான் செஞ்சாங்க. பட்டன் போன் போதும் எண்டுதானே அர்த்தம். கிழக்குல ஒரு கான்சர் கிளினிக்குக்கு தமிழ்ல கதைக்கிற ஒரு மிஸ், ஒரு போன், ஒரு பதிவுக் கொப்பி, கிழமைக்கு ஒருக்கா எல்லாருக்கும் ஒரு கோல், அவ்வளவும் கிடைச்சா எத்தினை பேர் ராவைல பயந்து கிடக்காம இருப்பாங்க. 2020ல கொரோனா நேரம் கிளினிக் மருந்த தபால்ல வீட்டுக்கு அனுப்பின நாடுதான் இது, மனசு வச்சா நடக்கும்.

போன் எதுவா இருந்தாலும் கடதாசிய விடாதீங்க. கிளினிக் கொப்பி, டயக்னோசிஸ் கார்ட், பயப்ஸி ரிப்போட், கடைசி எஃப்பிசி (ரத்த அணுக் கவுண்ட் ரிப்போட்), இந்த நாலும் சொப்பிங் பேக் ரெண்டு போட்டுக் கட்டி மேல வைங்க. மாரி வந்தா கிரான் பக்கம் பாலத்துக்கு மேலால தண்ணி ஓடும், வீட்டுக்குள்ள முழங்கால் தண்ணி நிண்ட வருசங்கள் எல்லாருக்கும் தெரியும், கொப்பி ஊறிப் போனா எந்த மருந்து எத்தினை தரம் ஏத்தினது எண்டு இன்னொரு ஆஸ்பத்திரிக்கு சொல்றது சரியான கஷ்டம். அங்கதான் டச் போன்ட கமரா உதவுது. ஒவ்வொரு கிளினிக்கும் முடிஞ்சி வெளிய வந்தோன வெளிச்சத்துல, ஃப்ளாஷ் போடாம, பக்கத்துட நாலு மூலையும் திகதியும் தெரிய எடுங்க, உங்கட நிழல் விழாமப் பாருங்க. எடுத்துட்டு பெருப்பிச்சி எழுத்து வாசிக்க ஏலுமா எண்டு பாத்துட்டுத்தான் கொப்பிய மூடுங்க. அத குடும்ப குரூப்ல போடாம வருத்தக்காரரும் அவரப் பராமரிக்கிற ஒராளும் மட்டும் உள்ள ஒரு சட்ல போட்டா போன் துலைஞ்சாலும் மற்ற போன்ல இருக்கும்.

யூடியூப், ஃபேஸ்புக் வைத்தியம் பத்தி நீட்டி எழுத விருப்பமில்ல, சின்னதா சொல்றன். டச் போன் வந்தா அன்னமுன்னா இலையும் அப்பச்சோடாவும் கான்சரக் கரைக்கும் எண்ட வீடியோவும் சேர்ந்துதான் வரும். மாத்து வைத்தியத்த மட்டும் எடுத்த கான்சர் நோயாளிகள் சாகிற அபாயம் வழமையான வைத்தியம் எடுத்த ஆக்கள விட இரண்டரை மடங்கு எண்டு 2018ல அமெரிக்காவுல ஒரு ஆய்வு வந்தது. வீடியோவ நம்புறவங்களோட சண்டை பிடிக்காதீங்க, "கிளினிக்ல மிஸ்ட்ட கேட்டுட்டுக் குடிப்பம்" எண்டு சொல்லுங்க, கனபேர் அதுக்கு ஓம் எண்டுவாங்க. ஏஐட்ட கேக்கிறதும் அதே மாதிரி, ரிப்போட்ல இருக்கிற இங்கிலிஷ் சொல்லுக்கு அர்த்தம் கேளுங்க, மருந்து அளவக் கேக்காதீங்க. ராவு ரெண்டு மணிக்கு மனம் பதறி போனைத் தடவுற ஆளுக்கு வீடியோவ விட 1926 நல்லம், தேசிய மனநல நிறுவனத்துட நம்பர், நாள் முழுக்க ஆள் இருப்பாங்க.

இனி முடிவு. வாய், தொண்டைக் கான்சர் எண்டா டச் போன் அவர்ட கையில. இளம் ஆக்கள், வாசிக்கிற ஆக்கள், தன்ட வருத்தத்த தானே பாக்க விரும்புற ஆக்களுக்கும் அதுதான், மகன் எவ்வளவு கெட்டிக்காரனா இருந்தாலும். வயசான, கண் குறைஞ்ச, விரல் விறைச்ச ஆளுக்கு பட்டன் போன் இடுப்புல இருக்கட்டும், வீட்டுல நிரந்தரமா நிக்கிற ஒராள்ட டச் போன் படத்துக்கும் வீடியோக்கும் போதும், வெளிநாட்டுக் காசுல புது போன் வாங்குறதுக்குப் பதிலா அந்த ஆளுக்கு மாசா மாசம் டேட்டா போட்டு விடச் சொல்லுங்க. தனிய இருக்கிற ஆளுக்கு ரெண்டும் வேணும், இதுல காசு பாக்க வேணாம். சிக்னல் இல்லாத ஊர் எண்டா கீமோ ஏத்தி ரெண்டாவது கிழமை மட்டுமாவது ரோட்டோர சொந்தக்காரர் வீட்டுல தங்க வைக்க ஏலுமா எண்டு பாருங்க, அத எந்த அப்பாலயும் ஈடு செய்யேலா. மகன்ட போன் மட்டும் எண்ட வழிய ஆள் நினைவில்லாம இருந்தாலொழிய நான் ஒருத்தருக்கும் சொல்ல மாட்டன்.

எதத் தெரிவு செஞ்சாலும் அடுத்த கிளினிக்ல மிஸ்ட்ட ஒரு கேள்வி கேட்டுட்டு வாங்க: "மிஸ், ராவைல காய்ச்சல் வந்தா நாங்க எந்த நம்பருக்கு எடுக்கிற, எந்த வாட்டுக்கு நேர வாற?" பதிலக் கொப்பிட மட்டையில சிடி மார்க்கரால பெருசா எழுதுங்க, மைப் பேனையால எழுதினா தண்ணி பட்டோன கரைஞ்சிரும். அதையே பட்டன் போன்ல 4ல போட்டு வச்சிட்டு, வருத்தக்காரர்ட்டயே குடுத்து ஒருக்கா அமத்திப் பாக்கச் சொல்லுங்க.